கரையேறிய இன்ஜின் மறுபடி ஓட

நீண்ட நாள் ஓடாமல் கிடந்த சிறிய டீசல் இன்ஜின், கயிற்றைச் சுற்றி இழுத்தவுடன் புறப்பட்டுவிடாது. சில இன்ஜின்கள் அசைந்துகூடக் கொடுக்காது. இதைப் பார்த்து ‘இன்ஜின் போய்விட்டது’ என்று பழைய இரும்புக் கடைக்குத் தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. அப்படித் தள்ளப்படும் இன்ஜின்களில் பலவற்றை மீட்க முடியும். கோளாறு இருப்பது பெரும்பாலும் மூன்று இடங்களில்தான்: பிஸ்டன் ரிங்குகள் சிலிண்டர் சுவரோடு ஒட்டியிருக்கும், டீசல் வரும் பாதை அடைத்திருக்கும், வால்வுகள் தம் இடத்தில் சரியாக உட்காராமல் நிற்கும். மூன்றுக்கும் காரணம் காற்றும் ஈரமும். கடலோரமாக இருந்தால் உப்பும் சேர்ந்துகொள்ளும். வரிசைப்படி, பொறுமையாக வேலை செய்தால் இவை சரியாகக்கூடியவை. அவசரப்பட்டு முதல் நாளே பலம் கொண்ட மட்டும் இழுத்துப் பார்ப்பதால் வரும் சேதம், மாதக்கணக்கில் சும்மா கிடந்ததால் வரும் சேதத்தைவிடப் பெரிதாகிவிடுவது உண்டு.

செங்கல்பட்டு மாவட்டக் கடற்கரையில் இப்படிக் கிடக்கும் இன்ஜின்களுக்குக் குறைவில்லை. கோவளம், நெம்மேலி, தேவனேரி, மாமல்லபுரம், வெண்புருஷம், கொக்கிலமேடு, சதுரங்கப்பட்டினம் என்று தெற்கே போகப்போக ஒவ்வொரு குப்பத்திலும் ஃபைபர் படகுகள் மணலில் ஏறி நிற்கின்றன. படகின் பின்புறத்தில் ஒற்றை சிலிண்டர் டீசல் இன்ஜின். அதிலிருந்து பின்னோக்கி நீளும் தண்டு. தண்டின் முனையில் புரொப்பெல்லர். அலை உடையும் திறந்த கரையில் இறங்கி ஏறுவதற்கு ஏற்ற அமைப்பு இது. கரை நெருங்கும்போது இன்ஜினைச் சாய்த்தால் புரொப்பெல்லர் நீரைவிட்டு மேலே வந்துவிடும், மணலில் தட்டாது. தாய்லாந்தின் நீண்ட வால் படகுகளிலும் இதே ஏற்பாடுதான். 1979-இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனம் தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டமும், புரொப்பெல்லரைத் தூக்கிக்கொள்ளக்கூடிய டீசல் இன்ஜின் பொருத்திய கரையேறு படகுகளை உருவாக்குவதில் பல ஆண்டு உழைத்தது. கட்டுமரம் இருந்த இடத்தில் ஃபைபர் படகு வந்து, 2004 சுனாமிக்குப் பிந்தைய நிவாரணத்தில் எண்ணிக்கை மளமளவென்று பெருகியபோது, இன்ஜினும் ஒவ்வொரு குடும்பத்தின் சொத்தாகிவிட்டது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை உள்ள 61 நாள் மீன்பிடித் தடை விசைப்படகுகளுக்கானது. ஃபைபர் படகுகள் முடங்குவது பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில். ஐப்பசி, கார்த்திகையில் கடல் கொந்தளிக்கும். புயல் எச்சரிக்கை வரும். படகுகளை மேட்டுக்கு இழுத்துக் கட்டிவிடுவார்கள். 2012 அக்டோபர் 31-இல் நீலம் புயலும், 2022 டிசம்பர் 9 நள்ளிரவை ஒட்டி மாண்டஸ் புயலும் மாமல்லபுரத்தை ஒட்டியே கரையைக் கடந்தன. புயல் ஓய்ந்தாலும் படகு உடைந்தோ வலை போயோ வீட்டில் பணமில்லாமலோ சில இன்ஜின்கள் அடுத்த கோடை வரை அப்படியே கிடந்துவிடும்.

மேற்கே உள்நாட்டுக்குள் போனால் வேறு வகை இன்ஜின்கள் தூங்குகின்றன. பாலாற்றங்கரையிலும் மதுராந்தகம் ஏரிப் பாசனத்திலும் ஒருகாலத்தில் கிணற்று நீரை இறைத்தவை, விவசாயிகள் ‘ஆயில் இன்ஜின்’ என்றே அழைக்கும் 5 குதிரைத்திறன் டீசல் இன்ஜின்கள். இங்கிலாந்தின் லிஸ்டர் நிறுவனம் வடிவமைத்து, பின்னால் குஜராத்தின் ராஜ்கோட்டில் ஏராளமாகச் செய்யப்பட்ட, நிமிடத்துக்கு 650 சுற்று மட்டுமே சுற்றும் கனத்த ரகமும் அவற்றில் உண்டு. புனேயின் கிர்லோஸ்கர் இன்ஜின்களும் உண்டு. மின் மோட்டார்கள் பரவி, 1990-இல் விவசாயத்துக்கு இலவச மின்சாரமும் வந்த பிறகு இவை பம்பு செட் கொட்டகையின் மூலைக்குப் போயின. புயலில் மின்கம்பம் சாய்ந்து பயிர் தண்ணீரில் மூழ்கும் நாளில்தான் அவற்றின் நினைவு வரும். அந்த நாளில் ஓடாவிட்டால் அவை இருந்தும் பயனில்லை.

உப்பும் ஈரமும்

டீசல் இன்ஜினில் தீப்பொறி கிடையாது. காற்றை அழுத்தினால் சூடாகும் என்ற ஒரே விதியை நம்பி அது ஓடுகிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவது இதே விதியால்தான். ருடால்ஃப் டீசல் 1897-இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ஓட்டிக் காட்டிய இன்ஜினிலும், கொக்கிலமேட்டு மணலில் நிற்கும் படகின் இன்ஜினிலும் அதில் மாற்றமில்லை. சிலிண்டருக்குள் இழுத்த காற்று ஏறக்குறைய பதினெட்டில் ஒரு பங்காகச் சுருங்கும்போது அதன் வெப்பம் 500 டிகிரி செல்சியஸைத் தாண்டுகிறது. அதில் டீசலைத் துளித் தூவலாகப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்கிறது. ஆகவே காற்று கசியாமல் இருப்பதுதான் டீசல் இன்ஜினுக்கு உயிர். ரிங்கும், சிலிண்டரின் உட்சுவரான லைனரும், வால்வும் சேர்ந்து அந்தக் காற்றைக் கட்டிப்பிடித்து வைக்க வேண்டும். கொஞ்சம் கசிந்தாலும் வெப்பம் போதாது. வெள்ளைப் புகை மட்டும் வரும், இன்ஜின் பிடிக்காது.

ஓடாமல் நிற்கும்போது இந்த இடத்தில்தான் முதல் அடி விழுகிறது. இன்ஜின் எந்த நிலையில் நின்றதோ, அதைப் பொறுத்து ஒரு வால்வு திறந்தே இருக்கலாம். அது வெளிப்போக்கு வால்வாக இருந்தால் சைலன்ஸர் வழியாக வெளிக்காற்று நேரே சிலிண்டருக்குள் போகும். பகலில் வெயிலில் இரும்பு சூடாகும், இரவில் குளிரும், உள்ளே இருக்கும் ஈரம் சுவரில் வியர்க்கும். லைனரில் இருந்த எண்ணெய்ப் படலம் சில வாரங்களில் வடிந்துவிடும். அதன் பிறகு வார்ப்பிரும்பு ரிங்கும் வார்ப்பிரும்பு லைனரும் தொட்டுக்கொண்டிருக்கும் கோட்டில் துரு தொடங்கும். துரு, தான் பிறந்த இரும்பைவிட இரு மடங்குக்கும் மேல் இடம் அடைப்பது. பிஸ்டனுக்கும் லைனருக்கும் நடுவே இருப்பதோ மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவு இடைவெளி. மெல்லிய துருப் படலமே பிஸ்டனை இறுக்கிவிடப் போதும்.

கடலோரத்தில் இது வேகமாக நடப்பதற்கு மழை மட்டும் காரணமில்லை. அலை உடையும்போது எழும் நுண்துளிகள் காற்றில் காய்ந்து உப்புத் துகள்களாகி இரும்பின் மேல் படிகின்றன. சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தொட்டதும் தானாகவே நீரை உறிஞ்சிக் கரைந்துவிடும். கடல் உப்பில் உள்ள மக்னீசியம் குளோரைடுக்கு அதில் பாதிகூட வேண்டாம். இந்தக் கரையில் பெரும்பாலான இரவுகளில் ஈரப்பதம் 75-ஐத் தாண்டும். எனவே மழையே பெய்யாத தை, மாசி இரவுகளிலும் உப்புப் படிந்த இன்ஜின் மேல் ஒரு மெல்லிய உப்புநீர்ப் படலம் இருந்துகொண்டே இருக்கிறது. குளோரைடு அயனிகள் இரும்பின் மேலுள்ள காப்புப் படலத்தைத் துளைக்கின்றன. அலுமினியப் பாகத்தில் எஃகு போல்ட் இருக்கும் இடத்தில் கேடு இன்னும் கூடும். உப்புநீர் நடுவே இருக்க, இரு உலோகங்களும் சேர்ந்து ஒரு சிறு மின்கலம் ஆகின்றன. அலுமினியம் கரைந்து வெள்ளைப் பொடியாகி போல்ட்டைச் சுற்றி இறுகிவிடுகிறது. காற்று சுமந்து வரும் உப்பின் அளவு கரையிலிருந்து முதல் சில நூறு மீட்டரிலேயே வெகுவாகக் குறைந்துவிடும். அதனால்தான் கடலோரக் குப்பத்து இன்ஜினும் திருக்கழுக்குன்றத்துப் பம்பு செட்டும் ஒரே காலம் சும்மா கிடந்தாலும் ஒரே மாதிரி கெடுவதில்லை. உலோக அரிப்பு இந்தியக் கடற்கரைக்கு எவ்வளவு பெரிய சிக்கல் என்பதற்கு, காரைக்குடியின் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் மண்டபத்தில் இதற்கென்றே ஒரு சோதனை நிலையம் வைத்திருப்பதே சான்று.

இழுப்பதற்கு முன்

முதல் வேலை கழுவுவது. காற்று போகும் வழியையும் சைலன்ஸர் வாயையும் துணியால் அடைத்துவிட்டு, நல்ல தண்ணீரால் வெளிப்புறம் முழுவதையும் கழுவி உப்பைப் போக்க வேண்டும். காற்றால் குளிரும் இன்ஜினில் சிலிண்டரைச் சுற்றியுள்ள தகட்டு வரிகளுக்கிடையே மணலும் உப்பும் அப்பியிருக்கும். அதைச் சுரண்டி எடுக்காமல் ஓட்டினால் சூடு தணியாது. காய்ந்ததும் அடைத்த துணியை மறக்காமல் எடுத்துவிட்டு, சைலன்ஸருக்குள்ளும் ஏர் கிளீனருக்குள்ளும் வெளிச்சம் அடித்துப் பார்க்க வேண்டும். குளவிக் கூடு இருப்பது சாதாரணம். பம்பு செட் கொட்டகையில் எலி கூடு கட்டியிருக்கும்.

அடுத்தது இன்ஜின் ஆயில். அடிப்பகுதித் திருகைக் கழற்றி ஒரு தட்டில் பிடித்தால் பாதிக் கதை தெரிந்துவிடும். முதலில் தெளிந்த தண்ணீர் வந்து பிறகு ஆயில் வந்தால், உள்ளே நீர் இறங்கி அடியில் தங்கியிருக்கிறது. மோர் போல வெளுத்து வந்தால் நீர் இறங்கிய பிறகு யாரோ இன்ஜினைச் சுற்றியிருக்கிறார்கள். உலோகத் தூள் மினுமினுத்தால் பேரிங் தேய்ந்திருக்கலாம். அப்போது சிலிண்டர் தலையை மட்டும் திறந்து பார்ப்பது போதாது. வடித்த ஆயிலை மணலில் கொட்டும் வழக்கம் இன்னும் போகவில்லை. தை முதல் பங்குனி வரை இந்தக் கரையின் மணலில் பங்குனி ஆமைகள் முட்டையிடுகின்றன. கேனில் பிடித்துப் பழைய ஆயில் வாங்குபவரிடம் கொடுத்துவிடுவதே முறை.

பிறகு டீசலைப் பீய்ச்சும் நாசிலைக் கழற்றி, அந்தத் துளை வழியாகச் சிலிண்டருக்குள் பார்க்க வேண்டும். உள்ளே நீரோ டீசலோ தேங்கியிருக்கும்போது கயிற்றைப் போட்டு இழுத்தால், பிஸ்டன் மேலேறிச் சுருங்காத திரவத்தில் மோதும். காற்று சுருங்கும், நீர் சுருங்காது. சுழலும் கனத்த சக்கரத்தின் வேகம் முழுவதும் கனெக்டிங் ராடின் மேல் இறங்கி அதை வளைத்துவிடும். முதல் இழுப்பு ஆபத்தானது என்று சொல்வதற்கு முக்கியக் காரணம் இதுவே. நாசில் கழற்றிய நிலையில் கையால் சுற்றினால் உள்ளே இருப்பது துளை வழியே வெளியேறிவிடும். அப்போது துளைக்கு நேராக முகத்தை வைக்கக் கூடாது.

கையால் சுற்றும்போது சக்கரம் அசையவில்லை என்றால் பிஸ்டன் இறுகியிருக்கிறது. இங்கே பலம் உதவாது, நேரம்தான் உதவும். நாசில் துளை வழியாக டீசலும் இன்ஜின் ஆயிலும் சம அளவில் கலந்தோ, மண்ணெண்ணெய் கலந்தோ பிஸ்டனின் தலை மூழ்கும் அளவு ஊற்றி, ஒரு நாள் விட வேண்டும். இறுக்கம் அதிகமானால் ஒரு வாரம்கூட ஆகலாம். மெல்லிய எண்ணெய் ரிங்குக்கும் சுவருக்கும் இடையிலுள்ள நுண்ணிய சந்துகளில் தானே ஏறிச் செல்லும் தன்மை உடையது. துருவின் துளைகளில் ஊறி அதன் பிடியைத் தளர்த்தும். தினமும் ஒருமுறை சக்கரத்தை முன்னும் பின்னுமாக மெதுவாக நெம்பிப் பார்க்க வேண்டும். ஒரு பக்கமே அழுத்தக் கூடாது. நூலளவு அசைந்தாலும் போதும், மறுபடி ஊற்றிவிட்டுக் காத்திருந்தால் அடுத்த நாள் இன்னும் கொஞ்சம் அசையும். அப்படியும் வராவிட்டால் தலையைக் கழற்றி, பிஸ்டனின் மேல் பலகைத் துண்டு வைத்து லேசாகத் தட்டலாம். சுத்தியால் நேரே அடித்தால் அலுமினியப் பிஸ்டன் உடையும். கழற்றும்போது வராத போல்ட்டுகளுக்கு வெப்பம் உதவும்: அலுமினியம் எஃகைவிட ஏறக்குறைய இரு மடங்கு விரிவதால், போல்ட்டைச் சுற்றியுள்ள பாகத்தைச் சூடாக்கினால் துளை அகன்று பிடி விடும். டீசல் ஊற்றிய இடத்துக்கு அருகே தீயைக் கொண்டுபோகக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் விபத்துகள் அங்கேதான் நடக்கின்றன.

தலையைக் கழற்ற நேர்ந்தால் லைனரை விரல் நகத்தால் தடவிப் பார்க்க வேண்டும். கறை மட்டும் இருந்து நகம் வழுக்கிக்கொண்டு போனால், நுண்ணிய எமரித் தாளும் எண்ணெயும் போட்டுத் தேய்த்துச் சுத்தம் செய்து, தூளை முழுவதும் துடைத்தெடுத்துவிட்டு ஓட்டலாம். நகம் மாட்டும் அளவுக்குக் குழி விழுந்திருந்தால் லைனரை மாற்றவோ லேத்தில் கொடுத்துக் கடையவோ வேண்டும். வால்வுத் தண்டு அதன் குழாயில் இறுகியிருப்பதும் பொதுவான கோளாறு. ராக்கர் மூடியைத் திறந்து, சக்கரத்தைச் சுற்றும்போது இரண்டு வால்வுகளும் இறங்கி ஏறுகின்றனவா என்று கண்ணால் பார்த்துவிடுவது நல்லது. இறுகிய வால்வை அறியாமல் சுற்றினால் புஷ் ராடு வளையும்.

டீசல் பாதை

பழைய டீசலைப் பற்றி அறிய ஒரு கண்ணாடிப் பாட்டில் போதும். டாங்கின் அடியிலிருந்து கொஞ்சம் பிடித்து ஒரு மணி நேரம் அசையாமல் வைத்தால் அடுக்கு அடுக்காகப் பிரியும். மேலே வெளிர் மஞ்சளில் டீசல். அடியில் நிறமற்ற தண்ணீர். டாங்கின் காலியிடத்தில் இருந்த காற்று இரவில் குளிர்ந்து சொட்டிய நீர் அது. இரண்டுக்கும் நடுவே பழுப்பாக, சளி போன்ற மெல்லிய ஏடு தெரிந்தால் அது உயிருள்ளது. பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் நீரில் இருந்துகொண்டு டீசலை உணவாகக் கொள்கின்றன. விமான எரிபொருள் டாங்குகளையும் அடைக்கிற பெயர் பெற்ற மண்ணெண்ணெய்ப் பூஞ்சை இதில் ஒன்று. அவை விடும் அமிலம் டாங்கின் அடித்தகட்டை அரிக்கும். ஏடு வடிகட்டியை அடைக்கும். அந்த டீசலைப் புதியதோடு கலந்து ஒப்பேற்றுவது பெரிய தவறு. டாங்கைக் கழற்றி, உள்ளே ஒரு துண்டு சங்கிலியும் கொஞ்சம் டீசலும் போட்டுக் குலுக்கினால் துருவும் ஏடும் பெயர்ந்து வரும். மெக்கானிக்குகள் பல காலமாகச் செய்யும் வேலை இது; இதைவிட நல்ல வழி அதிகம் இல்லை. வடிகட்டியை மாற்றிவிட வேண்டும். விரிசல் விட்ட ரப்பர் குழாய்களையும் அப்படியே. அவற்றின் வழியே டீசல் சொட்டாவிட்டாலும் காற்று உள்ளே போகும்.

இவ்வளவு சுத்தம் எதற்கு என்றால், டீசல் பம்பின் அளவு அப்படி. பம்பிலுள்ள பிளஞ்சருக்கும் அது ஓடும் உருளைக்கும் நடுவே இருப்பது 2, 3 மைக்ரான் இடைவெளி. தலைமயிரின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரான். ஒரு துருத் துகள் சிக்கினால் பிளஞ்சர் கீறிவிடும், நீர் இருந்தால் இறுகிவிடும். பம்பைப் பிரித்துச் சரிசெய்வது அதற்கான கருவிகள் உள்ள கடையில்தான் முடியும். கரையில் வைத்துப் பிரித்தால் மணல் ஒரு துகள் போதும், எல்லாம் வீண்.

புதிய டீசல் ஊற்றியவுடன் இன்ஜின் பிடிக்காது. குழாய்களில் காற்று நிற்கிறது. பம்பு அழுத்தும்போது அந்தக் காற்று சுருங்கி விரியுமே தவிர நாசிலைத் திறக்கும் அழுத்தம் வராது. நாசில் திறக்கச் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 200 கிலோ அழுத்தம் வேண்டும். எனவே ‘ஏர் எடுக்க’ வேண்டும். வடிகட்டியின் மேலுள்ள திருகை முதலில் தளர்த்தினால் சோப்பு நுரை போலக் குமிழி வரும், பிறகு பெரிய குமிழியாக விட்டு விட்டு வரும், கடைசியில் குமிழி இல்லாத டீசல் ஒரே நூலாக வழியும். அப்போது இறுக்கிவிட்டு, பம்பின் வாயில் அதே வேலை. அதன் பிறகு நாசிலுக்குப் போகும் குழாயின் நட்டைத் தளர்த்திச் சக்கரத்தைக் கையால் சுற்றி அங்கும் டீசல் வந்ததும் இறுக்க வேண்டும். மூன்றையும் இந்த வரிசையில்தான் செய்ய வேண்டும். பின்னாலிருந்து தொடங்கினால் காற்று மீண்டும் முன்னே வந்து நிற்கும். இணைப்புகளில் உள்ள செம்பு வாஷர்கள் பழையதாகி இறுகியிருந்தால் செக்கச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் மறுபடி மென்மையாகி, கசியாமல் பொருந்தும்.

நாசிலை வெளியே வைத்துத் தூவலைச் சோதிக்கிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. அந்த அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்துச் சதைக்குள் புகுந்துவிடும். வெளியே ஊசி குத்தியது போல ஒரு புள்ளி மட்டும் தெரியும். உள்ளே விரலையே இழக்கும் அளவு சேதம் நடக்கும். அப்படி நேர்ந்தால் வலிக்கும் வரை காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

முதல் ஓட்டம்

புதிய ஆயிலை அளவுக் கம்பியின் கோடு வரை ஊற்றி, டீகம்ப்ரஷன் லீவரைத் தூக்கிவிட்டு நிறையச் சுற்று சுற்ற வேண்டும். அந்த லீவர் வால்வைத் திறந்தே வைப்பதால் அழுத்தம் இருக்காது, சுற்றுவது எளிது. மாதக்கணக்கில் உலர்ந்து கிடந்த பேரிங்குகளுக்கு ஆயில் போய்ச் சேர்வது இந்தச் சுற்றில்தான். டீசல் சரியாக வந்தால் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை நாசில் ‘கிரீச்’ என்று சத்தம் கொடுக்கும். சத்தம் கேட்காவிட்டால் மறுபடி ஏர் எடுக்க வேண்டும். ரிங்குகள் இன்னும் முழுதாக விரியாத பழைய இன்ஜினில், காற்று வரும் வழியாக ஒரே ஒரு கரண்டி ஆயில் விட்டால் அது ரிங்கைச் சுற்றி அடைத்து முதல் பிடிப்புக்கு உதவும். ஒரு கரண்டிக்கு மேல் விடக் கூடாது.

ஹேண்டில் போட்டுச் சுற்றும் ஆயில் இன்ஜினில் கட்டை விரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைத்துப் பிடிப்பது பழைய ஆட்களின் பழக்கம். இன்ஜின் பின்னுக்கு உதைத்தால் ஹேண்டில் கையைவிட்டு நழுவும். சுற்றிப் பிடித்திருந்தால் விரல் முறியும். படகு கரையில் இருக்கும்போது புரொப்பெல்லரும் சேர்ந்து சுற்றும் என்பதால் அந்தப் பக்கம் யாரும், முக்கியமாகப் பிள்ளைகள், நிற்கக் கூடாது. பம்பு செட் கொட்டகையில் கதவைத் திறந்து வைத்துத்தான் ஓட்ட வேண்டும், புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை.

ஒரு பலகையைக் கையருகே தயாராக வைத்திருப்பதும் அவசியம். நெடுநாள் கிடந்த இன்ஜினில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரின் கம்பி இறுகியிருந்தாலோ, உள்ளே ஊற்றிய எண்ணெய் தேங்கியிருந்தாலோ, பிடித்தவுடன் வேகம் கட்டுக்கடங்காமல் ஏறலாம். தன் ஆயிலையே எரித்து ஓடும் இன்ஜின், டீசலை நிறுத்தினாலும் நிற்காது. காற்று வரும் வாயைப் பலகையால் மூடினால்தான் நிற்கும். கையை வைத்து மூடக் கூடாது.

பிடித்த இன்ஜினின் புகையே அதன் நிலையைச் சொல்லும். முதல் சில நிமிடம் வெள்ளைப் புகை வருவது இயல்பு. எரியாத டீசலும் உள்ளே ஊறிய ஈரமும் அது. சூடான பிறகும் வெள்ளையாகவே வந்தால் அழுத்தம் போதவில்லை. நீலம் கலந்திருந்தால் ஆயில் எரிகிறது. ஊற வைத்த எண்ணெய் தீர்ந்ததும் நின்றுவிட்டால் கவலை இல்லை, தொடர்ந்தால் ரிங் தேய்ந்திருக்கிறது. கறுப்பாக வந்தால் டீசல் அதிகம் அல்லது காற்று குறைவு; ஏர் கிளீனரை முதலில் பார்க்கலாம். சுமை ஏற்றாமல் பத்து நிமிடம் ஓட்டி நிறுத்தி, ஆறிய பிறகு தலை போல்ட்டுகளை மறுபடி இறுக்கி, ஆயில் கசிவு பார்க்க வேண்டும். முதல் சில மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு ஆயிலை இன்னொரு முறை மாற்றிவிடுவது செலவுதான். ஆனால் கரைந்து வந்த துருவும் அழுக்கும் அந்த ஆயிலில்தான் இருக்கின்றன.

பெட்ரோல் இன்ஜின்களின் கதை சற்று வேறு. கிழக்குக் கடற்கரைச் சாலை விடுதிகளின் சிறு ஜெனரேட்டர்களும், புல்வெட்டிகளும், மருந்தடிக்கும் இயந்திரங்களும் இந்த ரகம். நாட்டில் இப்போது விற்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். நீர் ஓர் அளவைத் தாண்டினால் எத்தனாலும் நீரும் தனியாகப் பிரிந்து கார்பரேட்டரின் அடியில் தங்கி அலுமினியத்தை அரிக்கும். மிச்ச பெட்ரோல் ஆவியாகிப் பிசினாகி ஜெட்டின் நுண்துளையை அடைக்கும். பெரும்பாலும் கார்பரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து, புதிய பெட்ரோலும் ஸ்பார்க் பிளக்கும் போட்டால் ஓடிவிடும். படகின் பின்புறம் மாட்டும் வெளிப்பொருத்து இன்ஜின்களைக் கரையில் வெறுமனே ஓட்டிப் பார்க்கக் கூடாது. அவை கடல்நீரை இழுத்துக் குளிர்பவை, நீர் இல்லாமல் ஓடினால் பம்பின் ரப்பர் இறக்கை சில நொடிகளில் கருகும். தண்ணீர் நிறைத்த டிரம்முக்குள் இன்ஜினின் கீழ்ப்பகுதியை இறக்கி ஓட்டுவதே சரி.

மூழ்கிய இன்ஜினுக்கு மட்டும் இந்த நிதானம் பொருந்தாது. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமியில் இந்தக் கரையின் படகுகளும் இன்ஜின்களும் கடல்நீரிலும் மணலிலும் புரண்டன. சாதாரண நாளிலும் அலையில் படகு கவிழ்ந்தால் இன்ஜின் மூழ்குகிறது. நீருக்குள் இருக்கும்போது ஆக்சிஜன் குறைவு. வெளியே எடுத்தவுடன் உப்புநீரும் ஆக்சிஜனும் சேர்ந்து வேலையை முழு வேகத்தில் தொடங்குகின்றன. அன்றே நல்ல தண்ணீரால் உள்ளும் புறமும் அலசி, நீரை வடித்து, டீசலும் ஆயிலும் ஊற்றிச் சுற்றி, முடிந்தால் அன்றே ஓட்டிச் சூடாக்கி உலர்த்திவிட வேண்டும். மெக்கானிக் மறுநாள்தான் வருவார் என்றால் வெயிலில் காய வைப்பதைவிட நல்ல தண்ணீர்த் தொட்டியில் மூழ்க வைத்திருப்பது மேல். பார்ப்பவர்களுக்கு இது விபரீதமாகத் தோன்றும், ஆனால் உப்பும் கரையும், காற்றும் படாது.

இத்தனை வேலையையும் வராமல் தடுக்க, படகை மேட்டில் ஏற்றும் நாளில் அரை மணி நேரம் செலவிட்டால் போதும். இன்ஜினை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். சூடாக இருக்கும்போதே பழைய ஆயிலை மாற்றுங்கள். டாங்கை முழுவதும் நிரப்புங்கள், இல்லையென்றால் முழுவதும் காலி செய்யுங்கள். பாதி டாங்கு வேண்டாம். காற்று வழியாக இரண்டு கரண்டி ஆயில் விட்டு, டீசலை நிறுத்திய நிலையில் மெதுவாகச் சில சுற்று சுற்றுங்கள். சுற்றிக்கொண்டே வந்து, அழுத்தம் தெரிகிற இடத்தில், அதாவது இரண்டு வால்வும் மூடியிருக்கும் நிலையில், சக்கரத்தை நிறுத்துங்கள். சைலன்ஸர் வாயைப் பிளாஸ்டிக் வைத்துக் கட்டுங்கள். இன்ஜினை மூடும் தார்ப்பாய் காற்றோட்டமாக இருக்கட்டும். இறுக்கிக் கட்டினால் ஈரம் உள்ளேயே நிற்கும். மாதம் ஒருமுறை ஆயில் விட்டுக் கையால் சுற்றி, மறுபடி அதே நிலையில் நிறுத்துங்கள். இதையெல்லாம் ஐப்பசி பிறப்பதற்குள் செய்துவிடுங்கள்.